மாட்டுக்கு அரைத்த பிரண்டை

அன்று கொட்டகையில் இருந்தவர்கள் நாலு பேர்: முதலாளி, கை முறிந்த வண்டிக்கார அண்ணன், கால் முறிந்த காளை, நான். சிராங்கூன் ரோட்டுச் சேற்றில் வண்டி குடை சாய்ந்து, அண்ணனையும் காளையையும் ஒன்றாகத் தள்ளியிருந்தது.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒன்று நடந்தால், அடுத்து என்ன ஆகுமோ என்றுதான் மனம் ஓடும். அண்ணனுக்குக் கை கூடாவிட்டால் கயிறு பிடிக்க முடியாது. கயிறு பிடிக்காதவனுக்கு இங்கே சோறு கிடையாது.

வேலியில் பிரண்டை படர்ந்திருந்தது. திராட்சைக் கொடி மாதிரியே சுருள் நீட்டிப் பற்றி ஏறும். பழமும் குட்டித் திராட்சையாய்ச் சிவக்கும், வாயில் போட்டால் நாக்கு எரியும். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது துவையலுக்கென்று அண்ணன் மடியில் முடிந்து வந்த கணு அது.

"அடிக்கணுவை விட்டுட்டு மொத்தமும் அறுத்து அரை. காளைக்குக் கட்டணும்," என்றார் முதலாளி.

கையில் தடவக் கொஞ்சம் எண்ணெய் கேட்டேன்.

"எண்ணெய் மாட்டுக்கு. அரிச்சா சொறிஞ்சுக்க."

சொறிந்துகொண்டே அரைத்து, புளியும் உப்பும் சேர்த்து நல்லெண்ணெயில் வதக்கினேன். சூட்டோடு காளையின் காலில் அப்பி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். சட்டியில் ஒரு பிடி மிஞ்சியது.

"மொதலாளி, அதை எனக்கு..." என்றார் அண்ணன். "நான் வச்ச கொடிதானே?"

"வேலி யாருதுடா? என் வேலியில ஏறினது என் கொடி. காளை எம்பது வெள்ளி. நீ எவ்வளவுடா? கப்பல் கூலியே இன்னும் அடையல." சிரித்தார். "வேணும்னா மூணு வெள்ளி. யாரு ஜாமீன்?"

வேறு யார் இருக்கிறார்கள், காளையா? "நான்" என்றேன். 

அந்த ஒரு பிடி மணிக்கட்டைச் சுற்றிவரப் போதவில்லை. எலும்பு கோணலாகக் கூடியது, விரல்கள் மடங்கவில்லை. காளைக்கும் கால் சேரவில்லை. முதலாளி அதைக் கசாப்புக்கு விற்றார்.

"நொண்டி மாட்டை வாங்கவாவது ஆளிருக்கு. உன்னை யாருடா வாங்குவான்?" என்று சொல்லி அண்ணனை வெளியே அனுப்பினார். அவர் எந்தப் பக்கம் போனார் என்றுகூடத் தெரியவில்லை. கடன் மட்டும் போகவில்லை.

அடிக்கணு மறுபடி துளிர்த்தது. துவையலுக்கு ஒரு துண்டு கிள்ளினேன். அதற்கும் முதலாளி என் கணக்கில் பத்துக் காசு ஏற்றினார். இன்றைக்கு என் தலையில் நிற்பது மூன்று வெள்ளி பத்துக் காசு.