மல்லாட்டைக் கொட்டகைக்கு ஒரு மின்சார மணி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கற்றவள் நான். இதை அடிக்கடி சொல்வேன். கேட்பவர்கள் சலித்துக்கொண்டாலும் சொல்வேன். திண்டிவனத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்ட என்னை, ஒரு மல்லாட்டை மூட்டை வீட்டில் உட்காரவைக்கப் பார்த்தது.

வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் கொட்டகை இருந்தது. அங்கே அடுக்கிலிருந்து சரிந்த மூட்டை அம்மாவின் இடுப்பில் விழுந்தது. எலும்பு கட்டுகிறவர் வந்து கட்டுப் போட்டு, தை மாதம் வரைக்கும் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா காணை என்ற ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போக வேண்டும். அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்த சின்னம்மா, அதே கொட்டகையில் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் நின்றுவிட்டால் அடுப்பு எரியாது. கொட்டகை நாற்பது முழ தூரம்தான். ஆனால் மிஷின் ஓடும்போது அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. அம்மா கூப்பிடுவதா கேட்கும்?

"உங்கம்மாகிட்ட ஒரு ஆளு இருக்கணும். படிப்பு எங்க ஓடிப்போவுது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

எங்கள் தெருவில் அடுத்த வருஷத்துக்கு என்று தள்ளிவைத்த எதுவும் திரும்பி வந்ததில்லை.

அந்த வாரம்தான் டீச்சர் வகுப்பில் மின்சார மணி ஒன்றைக் காட்டியிருந்தார். இந்த மூலையில் பொத்தானை அமுக்கினால் அந்த மூலையில் மணி அடித்தது. அதன் படத்தை அப்படியே சிலேட்டில் எழுதிக்கொண்டு வந்து அப்பாவிடம் பத்து நாள் தவணை கேட்டேன். அவர் சிலேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பத்தே நாளு" என்றார்.

உடனே அம்மாவின் தம்பிக்குச் சொல்லியனுப்பினோம். மாமா விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை தூக்குகிறவர். எழுத்துத் தெரியாது. ஆனால் எந்தச் சாமானையும் விரலால் சுண்டிப் பார்த்தே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். யுத்த காலம், செம்பு எட்டாத விலை. காயலான் கடையில் கிண்டிக் கிளறி, மணிக்குள் சுற்றுவதற்கு மட்டும் நூல் சுற்றிய செம்புக் கம்பி வாங்கினார். வீட்டிலிருந்து கொட்டகைக்கு இழுக்க, மூட்டை கட்டும் இரும்புக் கம்பியே போதும் என்று நான் முடிவு செய்தேன். ஒரு பழைய போல்ட்டு, ஓட்டை விழுந்த வெண்கலக் கிண்ணம், அதை அடிக்க ஒரு குடைக்கம்பி. மின்சாரத்துக்கு இரண்டு ஊறுகாய் ஜாடி. உள்ளே கரித்துண்டும் துத்தநாகக் குச்சியும். ஊற்றுகிற தண்ணீரில் கரைக்க, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் நவச்சாரம் கிடைத்தது.

இத்தனையையும் எதன் மேல் பொருத்துவது என்பதில்தான் எனக்கும் மாமாவுக்கும் ஒரு பகல் முழுக்க வாதம்.

"மாம்பலகை?"

"செல்லு அரிச்சிடும், மருமவளே."

"பனஞ்சட்டம்?"

"ஆணி அடிச்சா சிம்பு சிம்பா பொளந்துக்கும்."

"டீப்பொட்டிப் பலகை?"

"நாலு சொட்டு தண்ணி பட்டா வீங்கிக்கும். ஸ்டேசன்ல தெனம் பாத்துக்கினு கீறேனே. தேக்கு இருந்தா பேஷ். ஆனா அதுக்கு என்னை வித்தாத்தான் உண்டு."

"உன்னை எவன் வாங்குவான்?" என்று பாயிலிருந்தே கேட்டாள் அம்மா.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின் அடியில் கிடந்த பலகை என் கண்ணில் பட்டது. மரக்காணத்து உப்பளத்தில் உப்பு அள்ளிய பெட்டியின் பலகை. எத்தனை மழையில் நனைந்ததோ, ஒரு செல் தொட்டிருக்கவில்லை. தட்டினால் கணீரென்றது. ஆணி அடித்தால் கடித்துப் பிடித்தது. காசும் கிடையாது.

"அடி சக்கை! பள்ளிக்கூடத்துக் கண்ணு பள்ளிக்கூடத்துக் கண்ணுதான்" என்றார் மாமா. அதில் பாதியை அறுத்து மணிக்கு வைத்தோம். மீதியில், கம்பியோடு கிடைத்த இரண்டு துண்டுச் செம்புத் தகடுகளை இடைவெளி விட்டு அடித்து, அம்மாவின் கைக்கு எட்டும் பொத்தானாக்கினோம்.

ஒன்பதாம் நாள் மணியைக் கொட்டகைத் தூணில், சின்னம்மா உட்காரும் இடத்துக்கு நேராக மாட்டினோம். "இன்னாம்மே, கொட்டாயில பூசை போடப் போறியா?" என்று கொட்டகை மேஸ்திரி சிரித்தார். வீட்டில் அம்மா பொத்தானை அமுக்கினாள். மிஷின் சத்தத்தையும் மீறி வெண்கலம் அதிர்ந்தது. மேஸ்திரி ஓரடி பின்வாங்கினார். அப்பா அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு காணைக்குக் கிளம்பினார். நான் பள்ளிக்கூடம் போனேன்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தது. தினமும் சாயங்காலம் புத்தகப் பையை இறக்கும் முன்பே, "மணி அடிச்சுதா?" என்று கேட்பேன்.

"ரெண்டு வாட்டி அடிச்சுது. தண்ணிக்கு ஒருவாட்டி, பொரண்டு படுக்க ஒருவாட்டி" என்பாள் சின்னம்மா.

எனக்கும் ஒருமுறை அமுக்கிப் பார்க்க ஆசை. "வெளையாட்டுக்கு அமுக்காதடி, பாட்டரி தீந்துபூடும்" என்று அம்மா என் கையைத் தட்டிவிடுவாள். நியாயம்தானே என்று விட்டுவிடுவேன்.

தையில் அம்மா கோலூன்றி நடந்தாள். வகுப்பில் காட்டுவதற்காக மணியையும் பொத்தானையும் கழற்றினேன். செம்புத் தகடுகள் இரண்டும் பச்சைக் களிம்பில் மூடிக் கிடந்தன. பலகை ஈரமாகப் பிசுபிசுத்தது. துத்தநாகக் குச்சி ஊசியாய்த் தேய்ந்திருந்தது. கம்பியைத் தொட்டு வைத்துப் பார்த்தேன்; கிண்ணம் முனகக்கூட இல்லை.

"நேத்துகூட அடிச்சுதே" என்றாள் சின்னம்மா. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இத்தனை களிம்பிலும் நேற்று வரைக்கும் உழைத்ததே, எப்பேர்ப்பட்ட பலகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது நான் ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறேன். உப்பு ஏறிய மரம் காற்றின் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் யாரும் அமுக்காமலே கசிந்து தீரும் என்று சென்ற மாதம் படித்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் அடைமழையோடு அந்த மணி செத்திருக்க வேண்டும். அதன் பிறகு இரண்டரை மாதம் என்னைப் பள்ளிக்கு அனுப்பியது மணி அல்ல.

அந்தக் கார்த்திகையில் ஒருநாள் பள்ளி விட்டுக் கொட்டகை வழியாக வந்தேன். எல்லோர் எதிரிலும் மேஸ்திரி சின்னம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார். "அல்லாரும் மூணு மரக்கா பொறுக்கியாச்சு. நீ ரெண்டுகூடத் தாண்டல. எப்பப் பாரு எழுந்து எழுந்து போய்க்கினே இருந்தா?" கூடவந்த வகுப்புத் தோழியின் முன்னால் எனக்குத் தலைகுனிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், படித்தவள் என்ற முறையில் புத்தி சொன்னேன்.

"சின்னம்மா, ஒரே எடமா குந்திக்கினு செஞ்சாத்தான் கை ஓடும்."

முழங்கால் வரைக்கும் அப்பியிருந்த சேற்றை வாசலில் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாண்டி கண்ணு. நாளையிலேந்து அப்பிடியே செய்யறேன்" என்றாள்.

நான் சொன்னதை ஒரு பெரியவள் இவ்வளவு பணிவாகக் கேட்டுக்கொண்டாளே என்று அன்றைக்கு எனக்கு மிகுந்த சந்தோஷம்.