பேட்டரி இல்லாம அடிச்ச மேளம்

நம்பினா நம்புங்கண்ணே, நம்பாட்டி தே தாரிக் டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆயர் தாவார் எஸ்டேட்ல பொறந்தவன் நான், முனியப் பாத்தேன் மோகினியப் பாத்தேன்னு யாராச்சும் சொன்னா வயிறு வலிக்கச் சிரிக்கிற ஆளு லா. எனக்கே இப்படி நடக்கும்னு எவன் கண்டான்?

ஈப்போவுல ஒரு ஆஸ்பத்திரில எனக்கு வேலை. தைராய்டு நோயாளிங்களுக்குக் கதிர்வீச்சு மருந்து குடுக்குற பிரிவு. அவங்க வேர்வ பட்ட துணி, கையுறை எல்லாத்தையும் மூட்டை கட்டி ஸ்டோர்ல பூட்டிருவோம். மூணு மாசத்துல வீரியம் தானா அடங்கிரும். அப்புறம் மூட்டை மேல கதிர்வீச்சு அளக்குற மீட்டரக் காட்டணும். அங்கொண்ணு இங்கொண்ணு டிக்குன்னா, பிரிக்காம அப்படியே எரிக்க அனுப்பணும். படபடன்னு அடிச்சா மட்டும் தனியா எடுத்துப் பிரிச்சுப் பாக்கலாம். இதான் சட்டம்.

கமுந்திங்ல இருந்து கமலா அக்கா வந்தாங்க. மருந்து குடிச்சு மூணு நாள் தனி ரூம். வீட்டுக்குப் போற அன்னிக்கு அவங்க தாலிக் கயித்துல மீட்டரக் காட்டினா ஒரே அலறல். மஞ்சக் கயிறு வேர்வையக் குடிச்சிருக்கு. "கயித்த மாத்திட்டுப் பழசப் பையில போட்டுருங்கக்கா"ன்னேன். "பழைய கயித்த ஆத்துல விடணும் தம்பி, குப்பையில போடலாமா?"ன்னு ஒரு சண்டை. கடைசில செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டு அவங்களே மாத்தினாங்க. தாலி மாத்துறத யாரும் பாக்கக் கூடாதில்ல, நாங்களும் தலையக் குனிஞ்சுக்கிட்டோம். அதான் தப்பு.

வீட்டுக்குப் போய்ப் பாத்தா தாலில கோத்திருந்த ஒரு பொன் குண்டு காணோம். அவங்கம்மா போட்டது, மக கல்யாணத்துல மக தாலில கோக்கணும்னு காப்பாத்தி வெச்சது. அக்கா போன்ல அழுதாங்க. அந்த வாரம் ஒம்பது மூட்டை, எதுல இருக்குன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? பிரிக்கக் கேட்டா பாஸ் முடியாதுன்னுட்டாரு.

மூணு மாசம் ஓடிருச்சு. ஞாயித்துக்கெழம அக்கா மக கல்யாணம், அதுக்கு முன்னாடி வியாழக்கெழமயே மூட்டைய எரிக்கக் கொண்டுபோற லாரி. அன்னிக்குக் காலைல மூட்டை மூட்டையா மீட்டரக் காட்டுறேன், ஒண்ணுகூட அடிக்கல. ஆயுசுல மொத தடவையா, எதாவது அடிக்கக் கூடாதான்னு வேண்டிக்கிட்டேன். ஏழாவது மூட்டைல மீட்டரே படுத்துருச்சு. பேட்டரியக் கழட்டிச் சட்டைப் பையில போட்டேன், மீட்டர அந்த மூட்டை மேலயே வெச்சிட்டுப் புதுசு எடுக்க அலமாரிக்குப் போறேன்.

டிக். டிக். டிக் டிக். அப்புறம் படபடபடன்னு.

திரும்பிப் பாத்தா மீட்டரோட பேட்டரி மூடி தொறந்து கெடக்கு, உள்ள காலி. முள்ளு மட்டும் துள்ளுது. பகல் பத்து மணிண்ணே! அப்படியே நின்னுருச்சு சத்தம்.

கையுறையப் போட்டுப் பிரிச்சேன். கயித்து முடிச்சுல மினுக்குன்னு குண்டு! ஸ்டோருக்குள்ளயே ஒரு ஆட்டம் போட்டேன், வெக்கமில்லாம. புதுப் பேட்டரி போட்டுக் காட்டினா குண்டும் சுத்தம், மூட்டையும் சுத்தம். பாஸ்கிட்ட "மீட்டர் அடிச்சிச்சு, பிரிச்சேன்"னேன். உண்மைதானே? பேட்டரி இல்லங்கறத மட்டும் முழுங்கிட்டேன். போன்ல சொன்னதும் அக்கா அழுததும் சிரிச்சதும் ஒண்ணாக் கேட்டுச்சு.

கல்யாணத்துல என்ன மொத வரிசைல உக்கார வெச்சாங்க. மாப்பிள்ள தாலியத் தூக்கினாரு, அந்தக் குண்டு தெரிஞ்சுச்சு, "கெட்டி மேளம்!"னு குரல் வந்துச்சு, மேளம் கொட்ட ஆரம்பிச்சுச்சு. எல்லாரும் பூவப் போடுறாங்க, என் கையி மட்டும் அந்தரத்துலயே நின்னுருச்சு.

மீட்டர் ஒருநாளும் தாளத்துல அடிக்காதுண்ணே, அதுபாட்டுக்கு முன்னப்பின்னத்தான் அடிக்கும். ஆனா அன்னிக்கு ஸ்டோர்ல கேட்ட அடி இதேதான். டிக். டிக். டிக் டிக். அப்புறம் படபடபடன்னு.