பிறை பார்க்காமல் போட்ட டிக்கெட்

இந்தோனேசியாவில், எரிமலை வாய்க்குள் ஏரி இருக்கும் ஒரு தேசியப் பூங்காவைப் பார்க்க மூன்று மாதம் திட்டம் போட்டேன். துபாயில் வேலை செய்யும் என் கணவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்கு வருவார். "நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலைல பிளேன். டிக்கெட் போட்டுட்டேன், மத்தத நீ பாத்துக்க" என்றார் போனில். தங்குமிடம், பூங்கா அனுமதி, மலைக்குளிருக்கு ஸ்வெட்டர் எல்லாம் என் தலையில்.

அவர் ஊருக்கு வந்த பிறகு, இருபத்தொன்பதாம் நோன்பன்று மாடியில் நின்று பார்த்தோம். பிறை தெரியவில்லை; இன்னொரு நோன்பு வைத்து அதற்கு மறுநாள்தான் பெருநாள். அப்போதுதான் உறைத்தது. துபாய் காலண்டரைப் பார்த்துத் தேதி போட்டிருக்கிறார். அங்கே பெருநாள் ஒருநாள் முந்தி. எங்கள் விமானம் நம்மூர்ப் பெருநாளன்று காலையில்!

"பெருநாள் தொழுவாம பிளேன் ஏறப்போறியாப்பா?" என்றார் என் மாமியார்.

கணவர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அவருடைய லீவு முடிவதற்குள் வேறு டிக்கெட்டும் கிடைக்கவில்லை. ஸ்வெட்டர்களை மடித்து பீரோவில் வைத்தேன்.

இப்போதெல்லாம் பெருநாளிலிருந்து நான்கு நாள் தள்ளித்தான் டிக்கெட் போடச் சொல்கிறேன். ஏரி எங்கேயும் போகாது. லீவுதான் போய்விடும்.