கம்பி கட்டாத போல்ட்

ஒத்தைக்காது என்ற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது என் தங்கச்சி வீட்டுச் சமையலறையில். அவளுடைய மூத்த மகள் ஆம்புலன்ஸில் நர்ஸ். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், நான் ஒருத்தரைக் கட்டிக்கப் போறேன் என்றாள். பேர் என்ன என்று கேட்டோம். எல்லாரும் ஒத்தைக்காதுன்னுதான் கூப்பிடுவாங்க என்றாள். தங்கச்சி கரண்டியைக் கீழே போட்டாள். நான்தான் கேட்டேன்.

“இன்னொரு காது எங்கேடி?”

“மூணாவது வளைவுல இருக்கு, பெரியம்மா.”

அப்புறம்தான் விவரம் வந்தது. ஊருக்கு வெளியே பைக் ஓட்டுவதற்கென்றே சுற்றுப்பாதை போட்ட மைதானம் ஒன்று உண்டு. சனி ஞாயிறு பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் இஷ்டத்துக்கு விரட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, வேகம் மட்டும்தான். இந்த மனுஷன் ஒரு மெக்கானிக். ஹெல்மெட் வாரைச் சரியாக மாட்டாமல் போய் விழுந்திருக்கிறார். ஹெல்மெட் ஒரு பக்கம் உருள, தலை தாரில் தேய்ந்துகொண்டே முப்பது அடி போயிருக்கிறது. காதில் பாதியைச் சரளைக்குள் தேடி எடுத்து, ஐஸில் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இவள்தான். காது ஒட்டவில்லை, ஆள் ஒட்டிக்கிட்டான் என்று என் தம்பி சிரித்தான். கல்யாணம் நடந்தது.

விழுந்த பிறகு மருமகன் ஓட்டுவதை விட்டுவிட்டார். வாரநாளில் ஒர்க் ஷாப், சனி ஞாயிறு அதே மைதானத்தில் வண்டி சோதிக்கிற வேலை. கண்ணாடியைக் கழற்றியாச்சா, விளக்குக்கு டேப் ஒட்டியாச்சா என்று பார்ப்பார். கடைசியில் தரையில் மல்லாந்து படுத்து எஞ்சினுக்கு அடியில் பார்ப்பார். எண்ணெய் இறக்குகிற போல்ட் அங்கேதான் இருக்கும். அதன் தலையில் ஓட்டை போட்டுக் கம்பி கோத்து முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். ஓடுகிற அதிர்வில் போல்ட் கழன்றால் எண்ணெய் முழுக்கப் பாதையில் கொட்டும், பின்னால் வருகிறவன் கதை முடிந்தது. கம்பி இருந்தால்தான் டேங்கில் பச்சை ஸ்டிக்கர். மைதானத்து முதலாளி மகன் சட்டையைப் பிடித்தபோதுகூட, கம்பி கட்டிட்டு வாங்க தம்பி என்றுதான் சொன்னாராம். கறாரான ஆள் என்ற அந்தப் பேர்தான் அவருடைய சொத்து.

தங்கச்சியின் கடைசி மகனை நாங்கள் வாலு என்போம். பார்சல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் பைக் பித்து. இரண்டு தடவை அவனைக் கம்பி இல்லை என்று மருமகன் திருப்பி அனுப்பியிருந்தார். சொந்த மச்சானுக்கே சட்டம் பேசுற மனுஷன் எங்கேயாவது உண்டா என்று தங்கச்சி அவர் எதிரிலேயே புலம்பினாள். நானும் ஆமாம் போட்டேன்.

அடுத்த சனி ஞாயிறு தங்கச்சி மகள் என்னையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கு அங்கேதான் ஆம்புலன்ஸ் டியூட்டி. தார்ப்பாய் கொட்டகையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சத்தம் காது வழியாக வரவில்லை, பல் வழியாக வந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒருவனுக்குத் தோள் இறங்கிவிட்டது, இன்னொருவனுக்கு இரண்டு நகம் பிய்ந்துவிட்டது. அதைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். பக்கத்துக் கொட்டகையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி தையல்காரர், அவரும் வண்டி ஓட்டுவார், விழுந்தவர்களின் கிழிந்த தோல் உடுப்பைச் சாக்கு ஊசியால் அங்கேயே தைத்துக் கொடுப்பார். அண்ணன் கறிக்கடைக்காரர். எனக்கு டீ கொண்டுவந்து தந்தது அவர்தான்.

சனிக்கிழமை காலையில் வாலுவின் வண்டியில் கம்பி ஒழுங்காக இருந்தது, ஸ்டிக்கரும் கிடைத்தது. சாயங்காலம் அவன் எண்ணெய் மாற்றினான். அதற்காகக் கம்பியை வெட்டினான். பழைய போல்டின் மரை தேய்ந்திருந்ததால் புது போல்ட் போட்டான். அதில் ஓட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டை போடப் போனபோது டிரில் உடைந்துவிட்டது. முதல் சுற்றுக்கு இன்னும் பத்து நிமிஷம்.

“மாமா, ஒரே ஒரு சுத்து. டீ நேரத்துல கட்டிடறேன். ஸ்டிக்கர்தான் நேத்தே ஒட்டிட்டீங்களே.”

அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். மருமகன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துப் படுத்து, போல்டை இறுக்கிவிட்டு எழுந்து அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

சுற்று தொடங்கி ஆறு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எங்களுக்கு நேர் எதிரே இருந்த வளைவை வாலு சாய்ந்தபடி கடந்து போனான். அவன் பின்னாலேயே வந்த தையல்காரரின் வண்டி, காலடியில் விரித்த பாயை யாரோ உருவின மாதிரிப் படுத்தது. அவர் ஒரு பக்கம் சறுக்கினார். வண்டி சுவரில் மோதித் திரும்பி வந்து அவர் காலின் மேலேயே விழுந்தது. மூன்றாவதாக வந்தவனுக்கு விலக வழியில்லை, ஏறிப் போனான். பச்சைக் கட்டையை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். சிவப்புக் கொடி ஆடுவதற்குள் என் தங்கச்சி மகள் ஸ்ட்ரெச்சரோடு ஓடுகிறாள்.

வாலு வண்டியை நேரே கொட்டகைக்குள் விட்டான். பின் சக்கரம் முழுக்க எண்ணெய். போல்ட் இருந்த ஓட்டையில் துணியை அடைத்து, வண்டி மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டான். மருமகன் உள்ளே வந்தார். வெளியே கறிக்கடைக்காரர் டயர் கழற்றுகிற இரும்போடு கொட்டகை கொட்டகையாக நுழைந்து, ஒவ்வொரு எஞ்சினையும் குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறார். அடுத்தது எங்கள் கொட்டகை.

“வாயைத் திறக்காதீங்க மாமா,” என்றான் வாலு. “ஸ்டிக்கர் ஒட்டினது நீங்க. நான் மாட்டினா நீங்களும் மாட்டுவீங்க. நேத்தே பார்த்தாச்சுன்னு சொன்னா யாருக்குத் தெரியும்?”

மருமகன் அவன் உடுப்பைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி, முகத்தை டேங்கில் அறைந்தார். மூக்கு உடைந்தது. அப்படியே தரதரவென்று சரளையில் இழுத்துக்கொண்டு போய்க் கறிக்கடைக்காரர் முன்னால் போட்டார்.

“வண்டி இவனோடது. கம்பி இல்லைன்னு தெரிஞ்சே விட்டது நான்.”

கறிக்கடைக்காரருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீயா, நீயா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு இரும்பு இறங்கியது. முதல் அடி வலது முழங்கையில், அடுத்தது அதே இடத்தில். மருமகன் மற்ற கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. நின்றபடியே வாங்கினார். நான்காவது அடியில் விழுந்தார். வாலுவை மூன்று பேர் சேர்ந்து மிதித்தார்கள், விலா எலும்பு இரண்டு போனது. நான் போய்க் கறிக்கடைக்காரர் காலைக் கட்டிக்கொண்டேன். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இன்னும் ஒரு அடி அடித்தார். காவலாளிகள் ஐந்து பேர் வேண்டியிருந்தது அவரைப் பிரிக்க.

தங்கச்சி மகள் தையல்காரரை வேறு வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். முழங்கை வரைக்கும் அவர் ரத்தம். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கு மட்டை வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் அவரிடம்தான் கேட்டாள்.

“பார்த்தீங்களா, பார்க்கலையா?”

“பார்த்தேன்.”

கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

தையல்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரணையில் வாலு, எனக்கு எதுவும் தெரியாது, மாமாதான் பார்த்து அனுப்பினார் என்று எழுதிக் கொடுத்தான். மருமகன் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். எட்டு மாசம் உள்ளே இருந்தார். மைதானத்துக்குள் அவர் இனிமேல் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் பெத்த பிள்ளையை அடிக்கக் கொடுத்தவன் என்று தங்கச்சி அவர் முகத்தில் விழிப்பதில்லை. நான் அவர் பக்கம் நின்றேன், இதற்காக நானும் அவளும் பேசி வருஷம் பதினொன்று ஆகிறது.

இப்போது ஒத்தைக்காது பஸ் டெப்போவில் டயருக்குக் காற்றுப் பிடிக்கிறார். வலது கை மடங்காது, இடது கையால்தான் வேலை. டெப்போவுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை, அவரும் என் தங்கச்சி மகளும் அங்கே இருக்கிறார்கள்.