கடித்துப் பார்த்து வாங்கிய பேஸ் கிட்டார்

கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் பொடிசு கிட்டாரைக் கடித்தாள்.

கடித்தாள் என்றால் கரும்பைக் கடிப்பதுபோல் அல்ல. பேஸ் கிட்டாரின் உடம்பில் மேல்பக்கம் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் முன்பற்களை மெதுவாக வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இருப்பதிலேயே தடித்த கம்பியை ஒரு விரலால் சுண்டினாள். வயர் போட்டு ஸ்பீக்கரில் இணைத்தால்தான் பேஸ் கிட்டார் வெளியே கேட்கும். பல்லில் வைத்தால் மண்டைக்குள் கேட்கும். பழைய சாமான் கடைகளில் வயர் போட்டுக் காட்டச் சொன்னால், "முதல்ல வாங்குறியான்னு சொல்லு" என்பார்கள். அதனால் அவளே கண்டுபிடித்துக்கொண்ட வழி இது.

"ஏம்மா, அது என்ன பிஸ்கட்டா?" கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"பிஸ்கட்டா இருந்தா, நல்லா இல்லேன்னாலும் தின்னு முடிச்சிடலாம்ணே. இது ஆயுசுக்கும் கூட இருக்கப்போறது."

கைக்குட்டையால் கொம்பைத் துடைத்து வைத்துவிட்டு, அடுத்த கிட்டாரை எடுத்துக் கடித்தாள். துணைக்கு வந்திருந்த அண்ணன், தனக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பொடிசு என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் அவ்வளவுதான். பேஸ் கிட்டாரை நிறுத்தி வைத்தால் அவள் தோளுக்கு வரும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை ஆள் உயர இயந்திரங்களில் திணித்து, துவைத்ததை இழுத்துப் போடவேண்டும். அங்கே மற்ற பெண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். பொடிசு இடைவேளையில்கூட ஓடுகிற இயந்திரத்தின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். பஸ்ஸில் உட்கார இடமிருந்தாலும் என்ஜினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். அடியில் ஏதாவது உறுமிக்கொண்டிருந்தால்தான் அவளுக்கு நிம்மதி.

எந்தப் பாட்டுக்கும் அவளுக்கு வரிகள் தெரியாது. ஒருமுறை அத்தை வீட்டில், "நீதான் பாட்டுக் கச்சேரிக்கெல்லாம் போறியே, ஒண்ணு பாடேன்" என்று பிடித்து உட்காரவைத்தார்கள். பொடிசு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தும்... தும்தும்... தூம்" என்று ஆரம்பித்தாள். எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து அத்தை கேட்டாள்: "பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சே போச்சு அத்தை."

கச்சேரி என்று அத்தை சொன்னது பெரிய மேடை ஒன்றுமில்லை. ஓர் ஓட்டலின் மாடியில் வார இறுதிகளில் சாப்பிடுகிறவர்களுக்காக வாசிக்கும் சின்னக் குழு. கீபோர்டு வாசிப்பவர்தான் தலைவர், எல்லோருக்கும் மாஸ்டர். டிரம்மருடைய மச்சானின் பேஸ் கிட்டாரை இரவல் வாங்கித்தான் பொடிசு இத்தனை நாளும் வாசித்தாள். மச்சான் வேறு ஊருக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளே மாஸ்டர் சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள சொந்தமா ஒண்ணு கொண்டுவந்தா வா. இல்லேன்னாலும் பரவாயில்ல. பேஸை நான் கீபோர்டுல இடது கையாலேயே வாசிச்சுக்குவேன். கேக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

வீட்டுக்கு வந்து பொடிசு அதை அண்ணனிடம் சொன்னாள். இடம் போய்விடும் என்பதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். 'வித்தியாசமே தெரியாது' என்ற இடத்தில் மட்டும் கையிலிருந்த தம்ளரை நங்கென்று வைத்தாள்.

கடைக்காரர் குட்டையான ஒரு பேஸ் கிட்டாரை எடுத்து நீட்டினார். பளபளவென்று, பொம்மைபோல் இருந்தது.

"உன் கைக்கு இதுதாம்மா சரி. பொண்ணுங்க எல்லாம் இதைத்தான் எடுப்பாங்க."

"எத்தனை பொண்ணுங்க எடுத்தாங்க?"

கடைக்காரர் யோசித்தார். "கேட்டு வந்தது நீதான் முதல் ஆளு."

பொடிசு அதையும் கடித்துப் பார்த்தாள். தடித்த அடிக்கம்பி தொளதொளவென்று ஆடியது. "பல்லுல ஒண்ணுமே ஏறலண்ணே. பெரிசைக் காட்டுங்க."

"கை எட்டணுமேம்மா."

"கை வளராதுண்ணே. ஆனா விரியும்." நான்கு விரல்களையும் அகட்டிக் காட்டினாள். ஈரத்துணி பிழிந்து பிழிந்து தடித்துப்போன விரல்கள்.

கறுப்பில் பெரியதாக ஒன்று இருந்தது. அண்ணன் கதவு ஜன்னல் செய்கிற தச்சன். பலகை வாங்குவதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்தை நெடுகப் பார்த்தான். பிழிந்த துண்டுபோல முறுக்கிக்கொண்டிருந்தது. "வேணாம்" என்றான். பொடிசுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

பிறகு அவளே உள்ளே புகுந்து, மேஜை விசிறிகளுக்குப் பின்னாலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்றை இழுத்து வந்தாள். கனம் என்றால் அப்படி ஒரு கனம். திருகும் குமிழ் ஒன்று இல்லை. யாரோ பல வருடம் முழங்கையை வைத்து வாசித்த இடத்தில் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. கொம்பைப் பல்லில் வைத்துக் கம்பியைச் சுண்டியவள், வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பப்போவதில்லை என்று அண்ணனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் அவன் ஒன்றைச் சோதிக்காமல் விடுகிற ஆள் இல்லை. சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, கழுத்தின் மேல் நெடுக வைத்துப் பார்த்தான். இரண்டு முனையும் படிந்தது. நடுவில் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"வளைஞ்சிருக்கு!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

கடைக்காரர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். அவருக்கும் அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. "சரிப்பா, வளைஞ்ச சாமான்தான். அதுக்கு ஏத்த மாதிரி குறைச்சுக்கலாம்" என்று தானாகவே இறங்கி வந்து ஒரு விலை சொன்னார். பொடிசு கொண்டுவந்திருந்த பணத்துக்குள் அது அடங்கியது. அண்ணன் பெருமையோடு தங்கையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"இது ஒண்ணும் வளைஞ்சு போகல" என்றாள் பொடிசு.

"பேசாம இரு."

"இப்படித்தான் இருக்கணும்ணா. கம்பி ஆடுறதுக்கு நடுவுல இடம் வேணாமா? ஒரேயடியா நேரா இருந்தா மரத்துல இடிச்சுக் கரகரன்னு சத்தம் வரும். நேரா இருக்கவேண்டியது உன் கதவு."

கடைக்காரர் நிமிர்ந்தார். "அப்போ நல்ல சாமான்னு சொல்றே? பழைய விலைதாம்மா அப்போ."

அண்ணனுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. அவளை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? இல்லையே! வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? அவரே குறைச்சாரு!"

"கோணல்னு பேர் வச்சு இதை வீட்டுக்குக் கூட்டிட்டு வரமாட்டேன். ஏற்கெனவே என்னைக் குள்ளம்னு ஓரங்கட்டுறாங்க, இதைக் கோணல்னு ஓரங்கட்டவா? இல்லாத குறையைச் சொல்லமாட்டேன். இருக்கிறதை விடவும் மாட்டேன், பாரு."

திரும்பிப் போய்க் கடைக்காரரிடம் ஆரம்பித்தாள். குமிழ் இல்லை. கம்பிகள் துருப்பிடித்தவை. வயர் செருகும் துளை ஆடுகிறது. "இப்போ வயர் போட்டுக் காட்டுங்க, நான் வாங்குறேன்னு சொல்லியாச்சு." அவர் போட்டார். அவள் அசைந்தபோதெல்லாம் சத்தம் விட்டுவிட்டு வந்தது.

"இது சின்ன வேலைம்மா."

"சின்ன வேலைதானே? செஞ்சு கொடுங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். கொஞ்சம் இறங்கினார். அப்படியும் அவள் பணம் எட்டவில்லை. "கிட்டாரோட உறை வேணாம், நீங்களே வச்சுக்குங்க. அதுக்குண்டானதைக் கழிச்சுடுங்க" என்றாள்.

"பச்சைப் பிள்ளையைத் துணி இல்லாமலா தூக்கிட்டுப் போவே?"

"என் வேலையே துணிதான்ணே." பையிலிருந்து, ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து உதறினாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதை மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரி முத்திரை போட்ட வெள்ளைத் துணியில் நீளமாக எதையோ சுற்றிக்கொண்டு இருவரும் பஸ்ஸில் ஏறியதும், பின் இருக்கை முழுவதும் காலியானது. பொடிசு நன்றி சொல்லிவிட்டு அதை நீட்டிப் படுக்கவைத்தாள்.

சலவைக்கூடத்து எலக்ட்ரீஷியன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் துளையின் வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். கம்பிகளை அவள் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துத் துடைத்தாள். குமிழ் இல்லாத இடத்தில் பற்பசை மூடியை மாட்டினாள், கச்சிதமாக உட்கார்ந்தது.

சனிக்கிழமை ஒத்திகை, பெயிண்ட் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில். அண்ணன் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பொடிசு துணியை உருவியதும் மாஸ்டர் மூக்கைச் சுளித்தார்.

"எங்கே பிடிச்சே? குப்பையிலயா?"

"குப்பையில கிடைச்சிருந்தா உங்களுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வந்திருப்பேன் மாஸ்டர்."

டிரம்மர் சிரிப்பை அடக்கக் குனிந்து, கழன்று விழாத எதையோ தரையில் தேடினான்.

"சரி, வாசி" என்றார் மாஸ்டர். "ஆனா என் இடது கையும் அது பாட்டுக்கு பேஸை வாசிச்சுக்கிட்டு இருக்கும். ஒரு பாதுகாப்புக்கு. நீ விட்டுட்டாலும் வெளியில தெரியாது பாரு."

அண்ணன் எழுந்துவிட்டான். பொடிசு அவனைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

பாட்டு ஆரம்பித்தது. அவள் அடித்தளத்தில் ஒன்றை வாசிக்க, மாஸ்டரின் இடது கை அதன்மேலேயே நடந்தது. இரண்டும் குழம்பிச் சேறாகியது. பொடிசின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விரல்களை அகட்டி, எட்டாத இடங்களையெல்லாம் எட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பிசகும் விழவில்லை. மாஸ்டர் கையை எடுக்கவும் இல்லை.

பாட்டின் நடுவில் ஓர் இடம் வந்தது. அங்கே பேஸுக்கு அடிக்கம்பி மட்டும்தான். அதைக் கழுத்தில் எங்கும் அழுத்தவேண்டாம். வலது கையால் மீட்டினால் போதும், தூம் தூம் என்று ஒரே சுரம் சில வரிகளுக்கு நிற்கும். அவள் இடது கைக்கு வேலை இல்லை.

பொடிசு மீட்டுவதை நிறுத்தாமலேயே நடந்தாள். வயர் விறைக்கும்வரை நடந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கொடியிலிருந்து ஈரத்துணியை எடுப்பதுபோல, மாஸ்டரின் இடது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, அவர் மடியில் வைத்தாள்.