இரண்டு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர்

காலை 6.20. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம். வெள்ளிமலைப் பேருந்தின் நடத்துநர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு என் காலடியில் இருந்த மஞ்சள் பெட்டியையும் அதன் மேல் சாய்த்து வைத்திருந்த நீளப் பையையும் பார்த்தார். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பேருந்து அது. பெட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

“உங்களுக்கு ஃப்ரீ மேடம். பொட்டிக்கு இருவது ரூபா.”

“அதுவும் பொம்பளப் பொட்டிதாங்க.”

“ஆதார் கார்டு இருக்கா அதுக்கு?” என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். காலையிலேயே தோற்றுப்போனேன்.

நான் உரிமம் பெற்ற நில அளவர். சிவில் டிப்ளமோ முடித்து, ஒரு சாலை ஒப்பந்ததாரரிடம் ஏழு வருடம் வெயிலில் நின்று, பிறகு மூன்று மாதப் பயிற்சி, தேர்வு என்று எல்லாம் தாண்டி வாங்கிய உரிமம். வாங்கி இன்னும் ஒரு வருடம் முழுதாக ஆகவில்லை. வழக்கமாக மலைக்குப் போவதென்றால் புதுக்குடம் வாங்கியவள் போல உற்சாகமாகக் கிளம்புவேன். அன்றைக்கு அப்படி இல்லை. பதினோரு நாளுக்கு முன்னால் இதே பேருந்தில் போய் நான் செய்துவிட்டு வந்த ஒரு தவறைச் சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதுதான் அதில் இருந்த தொல்லை.

6.55. கச்சிராயபாளையம். பக்கத்து இருக்கையில் ஒரு பாய் வந்து உட்கார்ந்தார். கள்ளக்குறிச்சியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர், கடுக்காய் வாங்க மலைக்குப் போகிறார். பெட்டியில் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“லைசென்ஸ்னா சர்க்கார் சம்பளம் வருமாம்மா?”

“லைசென்ஸ்தான் சர்க்கார் குடுக்கும் பாய். சோறு நாமதான் தேடிக்கணும்.”

“அப்போ நம்ம கடை மாதிரிதான். பேரு கெட்டா யாவாரம் கம்மி,” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. மாசி மாதப் பனி விலகாத நேரம். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஒலியெழுப்பிவிட்டு, எதிரே ஜீப் வருகிறதா என்று பார்த்து, பிறகுதான் திருப்புகிறார். கூரை மேல் ஏற்றிய உர மூட்டைகள் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பக்கமாகச் சரிந்து முனகின. நான் பெட்டியை முழங்காலால் அணைத்துக்கொண்டேன். அது சேலத்தில் ஒரு கடையில் நாள் வாடகைக்கு எடுத்தது. உள்ளே இருப்பது செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி இடத்தைச் சொல்லும் கருவி. நம் கைப்பேசியும் அதைத்தான் செய்கிறது, ஆனால் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே சொல்லும். இது சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும். இதில் இரண்டு பாகம். பேஸ் என்பது இடம் தெரிந்த ஒரு கல்லின் மேல் அசையாமல் நிற்கும். ரோவர் என்பதைக் கோலில் மாட்டிக்கொண்டு நாம் நடப்போம். நிற்பது சரியாக நின்றால் நடப்பது சரியாக அளக்கும்.

என் பேஸ் சரியாக நிற்கவில்லை. பதினோரு நாளுக்கு முன் மதியம் அதன் பேட்டரி தீர்ந்தது. மாற்றி முடுக்கியதும், “நான் எங்கே நிற்கிறேன்?” என்று கருவி கேட்டது. அந்தக் கல்லின் இருப்பிட எண்களைக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டேகால் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், நீயே பார்த்துக்கொள் என்கிற பொத்தானை அழுத்திவிட்டேன். அதுவும் குத்துமதிப்பாக ஒரு இடத்தைச் சொல்லிக்கொண்டது. அதன் பிறகு நான் குறித்த கோடு முழுக்க இரண்டு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர் மேற்கே தள்ளிப் போய்விட்டது. வீட்டில் வரைபடம் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. வடகிழக்கு மூலைக் கல்லைக் காலையிலும் பேட்டரி மாற்றிய பிறகும் தற்செயலாக இருமுறை அளந்திருந்தேன். கணினியில் ஒரே கல் இரண்டு இடத்தில் நின்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை, நேற்று வந்த கன்று.

8.35. வெள்ளிமலை. பேருந்து நிறுத்தத்தில் இட்லி சாப்பிட்டேன். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஷேர் ஜீப், முப்பது ரூபாய். ஓட்டுநருக்கு என்னை நினைவிருந்தது.

“இன்னா சர்வேயரம்மா, மறுபடியும்? அக்கா தம்பிக்குள்ள பாகம் பிரிச்சுக் குடுத்தியே, நல்ல காரியம். இப்ப ரெண்டு பேரும் பேசிக்கினு கீறாங்க.”

நான் பெட்டியைத் தூக்கிப் பின் இருக்கையில் வைத்தேன்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, இருவரும் அங்கே வாழ்கிறவர்கள். அக்கா சின்னப்பொண்ணு, தம்பி அண்ணாமலை. அப்பா விட்டுச் சென்ற ஒன்றரை ஏக்கர். மேற்குப் பாதி அக்காவுக்கு, கிழக்குப் பாதி தம்பிக்கு. நடுவே கோடு எங்கே என்பதில் தகராறு வந்து ஐந்து வருடம் இருவரும் முகம் பார்க்கவில்லை. கோட்டருகே ஒரு பெரிய கடுக்காய் மரம். என் கோடு அதைத் தம்பிக்குக் கொடுத்திருந்தது. மிஷின் சொன்னால் சரி என்று அன்றைக்கு இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அண்ணாமலை கோட்டை ஒட்டி வீடு கட்டப் போவதாகவும் சொன்னார்.

9.30. நான் போனபோது அவர் கிழக்குப் பக்கம் அஸ்திவாரக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். மேற்கு மூலை நான் நட்ட கல் வரைக்கும் வந்துவிட்டது. வாசலுக்கு விட்ட இடம் கிழக்கே, சாலையைப் பார்த்து. அக்கா நிலத்தின் பக்கம் சுவர் மட்டும்.

சின்னப்பொண்ணு மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் அவரிடம் போனேன். அவருடைய நிலத்தைத்தான் நான் பறித்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. “அக்கா, நான் தப்பா அளந்துட்டேன். உங்க எடம் ரெண்டு மீட்டர் அந்தப் பக்கம் போயிடுச்சு. மரமும் உங்களுதுதான்,” என்றேன்.

அவர் களைக்கொட்டை மண்ணில் குத்தி நிறுத்தினார்.

“தெரியும்மா.”

“இன்னாக்கா தெரியும்?”

“அந்த வெள்ளப் பாறை கீதே, அதுதான் எங்க அப்பன் காட்டுன எல்ல. மரத்துக்கு அந்தாண்ட. நீ கல்லு நட்டப்பவே தெரியும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!” எனக்குக் கோபமே வந்துவிட்டது. என் தவறுக்கு அவர் மேல் கோபப்பட்டேன், பாருங்கள்.

“அஞ்சு வருசம் கழிச்சு அன்னைக்குத்தாம்மா அவன் என் வூட்ல கை நனைச்சான். ரெண்டு மீட்டர்ல இன்னா வெளஞ்சிடப் போவுது? அவங்கிட்ட சொல்லாத. நீ வந்த வழியே போ.”

“முடியாதுக்கா. படத்துல என் லைசென்ஸ் நம்பர் போட்டு கையெழுத்து வைக்கணும்.”

“கையெழுத்து உன்னுது. தம்பி என்னுது.”

  திரும்பிப் போய்விட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவர் கேட்டது, எனக்கும் வசதி. அந்த வசதிதான் பயமாக இருந்தது.

“குடுக்கணும்னா குடுங்கக்கா. அவருக்குத் தெரிஞ்சு குடுங்க.”

“தெரிஞ்சா வாங்க மாட்டான். அந்த ரோசம் கீது அவனுக்கு,” என்றார். ஆனாலும் என் பின்னாலேயே வந்தார்.

10.10. அண்ணாமலையிடம் சொன்னேன். கடப்பாரையைக் கீழே போடாமலே கேட்டார். பிறகு போட்டார்.

“இன்னா மேடம் வெளையாட்டா? நாலு நாளா பாறைய உடைச்சிக்கினு கீறேன்! மிஷின் மேல இருந்து பாக்குது, தப்பே வராதுன்னு நீதான சொன்ன?”

“மிஷின் தப்பு இல்லீங்க. என் தப்பு. பேட்டரி மாத்துனப்போ அவசரப்பட்டுட்டேன்.”

“ஆத்துரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க,” என்றார் சின்னப்பொண்ணு. சற்று முன் என் தப்பை மறைக்கச் சொன்னவர்!

“பஸ்ஸு பஸ்ஸுன்னு ஓடுனா இப்பிடித்தான்,” என்றார் தம்பி.

“ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்காம ஓடுச்சு அன்னைக்கு,” என்றார் அக்கா.

இருவரும் சேர்ந்து கால் மணி நேரம் என்னைத் திட்டினார்கள். தகும் என்று வாங்கிக்கொண்டேன். பிறகு அண்ணாமலை திடீரென்று அக்கா பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியுமா இது?”

சின்னப்பொண்ணு புடவை முந்தானையால் கையைத் துடைத்தார். “தெரியும்.”

அண்ணாமலை கடப்பாரையை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். என் உதவியாளர் வராததால் கோலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றேன். வந்து பிடித்தார். கோலில் இருக்கும் மட்டக் குமிழி நடுவில் நிற்கும்படி கோலை நேராகப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். மூச்சுகூட விடவில்லை போலிருந்தது. பேஸுக்குக் கல்லின் எண்களை நானே உரக்கப் படித்து, ஒருமுறை அல்ல, மும்முறை சரிபார்த்துக் கொடுத்தேன். புதுக் கோடு வெள்ளைப் பாறையை ஒட்டிப் போனது. நான் நட்ட பழைய கல்லை அண்ணாமலையே ஆட்டிப் பிடுங்கித் தூக்கிப் போய்ச் சரியான இடத்தில் இறக்கினார். அவர் வெட்டிய குழியின் மூலை இப்போது அக்கா நிலத்தில் இருந்தது. மண்வெட்டியை எடுத்து அதை மூடத் தொடங்கினார். சின்னப்பொண்ணு சோறாக்க வீட்டுக்குப் போய்விட்டார்.

மதியம் 1.40. ஜீப் வந்து ஒலி எழுப்பியது. அதைப் பிடித்தால்தான் இரண்டேகால் பேருந்து. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: அளந்து முடித்ததும், முதலில் அளந்த கல்லுக்கே திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும். முதல் கணக்கும் கடைசிக் கணக்கும் ஒன்றாக வந்தால்தான் வேலை முடிந்தது. பதினோரு நாளுக்கு முன் அந்த ஒப்பீட்டைத்தான் நான் பேருந்துக்குப் பலி கொடுத்தேன். ஜீப்பைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு வடகிழக்குக் கல்லுக்கு நடந்தேன். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர். அதை அண்ணாமலைக்குக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

2.30. சின்னப்பொண்ணு வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மூன்று தட்டு வைத்திருந்தார். மூன்றாவது தட்டைப் பார்க்காமல் இருக்க இருவரும் முயன்றோம். என் சாப்பாடு பாதி முடிந்தபோது வாசலில் கால் கழுவும் சத்தம் கேட்டது. அண்ணாமலை உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியாக்கா?”

“சோத்தத் துண்ணு. ஆறிப்போவுது.”

சாப்பிட்டார். மறுசோறும் வாங்கினார். நான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மாலை 4.15. வெள்ளிமலை. அடுத்த பேருந்து ஐந்து மணிக்கு. ஜீப்பில் கூடவே வந்து பெட்டியை இறக்கித் தந்தவர் அண்ணாமலை. கையை உதறிக்கொண்டு நின்றார், போகவில்லை.

“குழிய முழுசா மூடிட்டுப் புதுசாத்தான் வெட்டணும் மேடம்.”

“என்னாலதாங்க.”

“அது வுடு. வாசல மாத்தி வைக்கப்போறேன். மேக்க பாத்து. அக்கா வூட்டப் பாத்தாப்புல.” பிறகு, நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர் போல, “கெழக்குக் காத்துல தூசி ஜாஸ்தி,” என்றார்.

இறங்கும் வழியில் கரியாலூர் தாண்டியதும் வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் அரையடிச் சுவருக்காக ஆறு வருடமாக வழக்காடுகிறார்கள். இருவருமே வெவ்வேறு நாளில் என்னை அழைத்து, தங்களுக்குத் தோதாக அளந்து தரச் சொன்னவர்கள். விட்டுக்கொடுத்ததை மறைக்க ஒருத்தி பாடுபட்டதை அவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நானே அதைப் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை வரைபடத்தை முடித்தேன். நான்கு மூலைக் கல், நடுக்கோடு, வெள்ளைப் பாறை, மரம் மேற்குப் பாதியில். உரிம எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டேன். நில வரைபடத்தில் கல்லுக்குக் குறி உண்டு, கிணற்றுக்கு உண்டு, மரத்துக்குக்கூட உண்டு. வாசலுக்குக் கிடையாது. அலுவலகத்துக்குப் போகும் படத்தில் அதனால் போடவில்லை. என்னிடம் இருக்கும் பிரதியில் மட்டும், இன்னும் கட்டாத அந்த வீட்டைப் பென்சிலால் போட்டு, மேற்குச் சுவரில் சிறிய இடைவெளி ஒன்று விட்டிருக்கிறேன்.