கடைசி பெஞ்சில் இருந்து வந்த சந்தேகம்

மூன்று வருஷம் இருக்கும். கல்லூரிகள் திறக்கிற ஜூன் மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் உள்ள ஒரு கல்லூரிக்கு, கணிதத் துறையில் வேலை கேட்டு இன்டர்வியூ போயிருந்தேன்.

எம்.எஸ்சி. முடித்த கையோடு எனக்குக் கல்யாணம். கணவர் ராணுவத்தில். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் வேலைக்குப் போகும் எண்ணமே வந்தது. "ஒரு தடவை போயிப் பாரு. கெடைக்கலன்னா பொறவு அந்தப் பேச்சு வேண்டாம்" என்று மாமியார் சொல்லித்தான் அனுப்பினார்.

இருந்தது ஒரே இடம். வந்திருந்தது நானும் ஒரு இளைஞரும். அவருக்கு ஊர் சுந்தரபாண்டியம், விவசாயக் குடும்பம். டியூஷன் எடுத்துக்கொண்டே, வேலை கேட்டு ஏறி இறங்காத கல்லூரி இல்லை என்றார். வராந்தாவில் செத்த நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அவரையும் உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தந்த தலைப்பு, இரண்டு சார்புகளை வகுத்தால் வரும் எல்லை. எப்சிலான், டெல்டா என்று இரண்டு சின்ன அளவுகளை வைத்து நிரூபிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய நிரூபணம்தான். கீழே உள்ள சார்பின் எல்லை 'எம்', அது பூஜ்யம் இல்லை என்று ஆரம்பித்தேன். வகுத்து வருவதற்கும் எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பின்னமாக்கினேன். மேலே இருப்பதை வேண்டிய அளவு சின்னதாக்கலாம், ஆகவே மொத்தமும் எப்சிலானைவிடக் குறைவு என்று முடித்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த துறைத்தலைவரையும் முதல்வரையும்தான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், மேல உள்ளது சின்னதாகுது, சரி. கீழயும் அந்தச் சார்பு நிக்குதே. அது பூஜ்யத்துக்குப் பக்கத்துல போயிட்டா, பின்னம் எம்புட்டுப் பெருசா வேணாலும் போகும்ல?"

நியாயமான கேள்வி. நடுவில் ஒரு படியை விட்டுவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் எந்தப் படி என்றுதான் தெரியவில்லை. போர்டைப் பார்த்து நின்றேன். இனி வீட்டில் என்ன சொல்வது என்ற நினைப்புதான் ஓடியது.

அப்போது கடைசி பெஞ்சில் இருந்து அந்த இளைஞர் எழுந்தார்.

"மேடம், எனக்கும் ஒரு சந்தேகம். அந்தச் சார்பு எம் பக்கத்துலதான வருது? எம் பூஜ்யம் இல்ல. அப்ப ரெண்டுக்கும் நடுவுல எடம் இருக்கும்லா?"

அது போதுமாக இருந்தது. போர்டில் ஒரு கோடு போட்டேன். ஒரு பக்கம் பூஜ்யம், ஒரு பக்கம் எம், நடுவில் எம்மில் பாதி. சார்பு அந்தப் பாதியைத் தாண்டிப் பூஜ்யத்தின் பக்கம் வராதபடி முதலில் ஒரு டெல்டா. மேலே இருப்பதைச் சின்னதாக்க இன்னொரு டெல்டா. இரண்டில் எது சின்னதோ அதை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே எழுதினாள்.

அவரும் பாடம் நடத்திய பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு, சந்தேகத்தை நல்லாத் தீர்த்து வச்சீங்க என்று துறைத்தலைவர் பாராட்டினார். ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கலாமா என்று தோன்றியது. முடியவில்லை. "எனக்கு மறந்துபோச்சு சார். அவர் எடுத்துக் கொடுத்ததாலதான் வந்துச்சு" என்றேன். துறைத்தலைவர் அதையும் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் அந்த இளைஞரும் நின்றார். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சும்மா இருந்திருந்தா வேலை உங்களுக்குத்தானே. ஏன் எந்திரிச்சீங்க?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அதெல்லாம் யோசிக்கல மேடம். அந்தப் புள்ள நல்ல கேள்வி கேட்டுட்டு நின்னுக்கிட்டே இருந்துச்சு. பதில் இல்லாம அத உக்கார வச்சா, இனிமே கேக்காதுல்ல."

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நடந்ததை எல்லாம் கேட்ட மாமியார், என்ன நினைத்தாரோ, "வேற எடத்துலயும் கேட்டுப் பாரு" என்றார். இப்போது ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ கணக்கு எடுக்கிறேன்.

அன்றைக்கு அந்த அறையில் நான் பார்த்ததெல்லாம் எனக்கு மதிப்பெண் போடுகிறவர்களைத்தான். எனக்குப் போட்டியாக வந்தவர் பார்த்தது, பதிலுக்காக நின்றுகொண்டிருந்த ஒரு மாணவியை. பாடம் நடத்துவது என்றால் யாரைப் பார்த்து நிற்பது என்பதை நான் படித்துக்கொண்டது, கிடைக்காமல் போன அந்த வேலையின் இன்டர்வியூவில்தான்.